டிக் என்று ஒரு சத்தம்: இலையுதிர் காலத்தில் ஒன்பது நாள் சைக்கிள்

முதல் நாள், 42 கி.மீ.

ஒருவழியாகக் கிளம்பிவிட்டோம். மூன்று வருடமாக "அடுத்த இலையுதிர் காலத்துக்குக் கட்டாயம்" என்று நானும் அக்காவும் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்ட பயணம் இது. ஒன்பது நாள், இரண்டு சைக்கிள், ஆளுக்கு இரண்டு பை. நாங்கள் பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் இல்லை. வார இறுதியில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவோம், அவ்வளவுதான். இரவு படுக்கும் முன் அன்றன்றைக்கு நடந்ததை இங்கே எழுதிவிடுவதாக உத்தேசம்.

கோடையை விட்டுவிட்டு ஏன் இந்தப் பருவம் என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். இன்று பிற்பகல் ஆற்றோரப் பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் அதற்கான பதில் கண்முன்னால் நின்றது. இரண்டு பக்கமும் மரங்கள் மொத்தமும் மஞ்சள். நடுநடுவே ஒன்றிரண்டு மட்டும் நல்ல ரத்தச் சிவப்பு. மரம் பட்டுப்போகிறது என்று தோன்றும், ஆனால் இதெல்லாம் மரம் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை. பகல் குறைந்து குளிர் ஏறியதும் இலையில் இருக்கும் பச்சையத்தை உடைத்து, அதில் உபயோகமானதைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போகப் போக, கோடை முழுக்க அதற்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் இந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது. அப்புறம் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய ஓர் அடுக்கு வளர்ந்துவிடும், அதற்கு மேல் லேசாக ஒரு காற்று போதும். நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் என் பையின் மேல் ஏழு இலை விழுந்திருந்தது.

பகல் சுருங்குவது நன்றாகவே தெரிகிறது. நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்றால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஒன்பது நாளில் அது கால் மணி நேரத்தைத் தாண்டிவிடும். மாலை நான்கு மணிக்கே வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. நமக்குக் கண் கூசுகிறது என்றால் பின்னால் வரும் கார்க்காரருக்கும் அப்படித்தான் கூசும், நாம் அவர் கண்ணில் படமாட்டோம். அதனால் பகலிலேயே இரண்டு விளக்கையும் எரியவிட்டு ஓட்டினோம்.

இரண்டாம் நாள், 58 கி.மீ.

காலையில் கையுறை இல்லாமல் பூட்டைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு குளிர். நேற்று இரவு அறைக்குள் டயரில் காற்றழுத்தம் 70 பிஎஸ்ஐ வைத்திருந்தேன், காலையில் வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 66. பஞ்சரோ என்று ஒரு நிமிடம் பதறிவிட்டேன். பஞ்சர் இல்லை. காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 20 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி வெளிக்கு வந்தால், துளிக் காற்றுகூடக் கசியாமலே 70 என்பது 66 பக்கம் வந்து நிற்கும். ஈரச் சாலைக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பதே பிடிமானத்துக்கு நல்லது என்று அப்படியே விட்டுவிட்டேன். (உள்ளே காற்றடித்துவிட்டு வெளியே ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் கூடக் கூட வித்தியாசமும் கூடும்.)

பன்னிரண்டாவது கிலோமீட்டர் வாக்கில் சத்தம் ஆரம்பித்தது. டிக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டிக். சத்தமாகக்கூட இல்லை, ஆனால் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் ஆறும் மரமும் எதுவும் கண்ணில் படாது, அது ஒன்றுதான் கேட்கும். நான் பெடலைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் சீட்டை, அப்புறம் பையின் கொக்கியை. அக்கா பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சும்மா யோசிக்காதே, எண்ணுடி" என்றாள்.

எதை எண்ணுவது?

"பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை கேட்குதா, இல்ல சக்கரம் சுற்றுறப்ப எல்லாம் கேட்குதா? முதல்ல அதைச் சொல்லு."

சொல்லிக்கொடுத்தது அவள்தான், எனக்கு இது இன்றுதான் புத்தியில் ஏறியது. பெடலை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிட்டாலும் சத்தம் தொடர்ந்தால் கோளாறு சக்கரத்தில்: ஸ்போக்கில், டயரில் குத்தியிருக்கும் கல்லில், அல்லது பிரேக்கில். சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும்போது நின்றுவிட்டால் சீட்டிலோ சீட் குழாயிலோ. பெடல் ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு தடவை என்றால் பெடல், அதைத் தாங்கும் கிராங்க் என்கிற கை, அல்லது நடு அச்சு. என் வண்டியில் இது எதுவுமே பொருந்தவில்லை. உருளவிட்டால் நின்றது, எழுந்து மிதித்தாலும் கேட்டது, பெடல் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தடவை வந்தது.

அக்கா முன் பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கேட்டாள். ஐம்பது. செயினில் எத்தனை கண்ணி? நானே பூட்டிய செயின், நூற்றுப் பத்து. அவள் ஓட்டிக்கொண்டே மனக்கணக்குப் போட்டாள். பெடல் ஒரு சுற்றுக்கு ஐம்பது கண்ணி நகரும், பதினொரு சுற்றுக்கு ஐந்நூற்றைம்பது. அதாவது செயின் முழுசாக ஐந்து தடவை சுற்றிவரும். "அப்போ பதினொரு சுற்றுல அஞ்சு டிக் வந்தா, கோளாறு செயின்ல ஒரே ஒரு கண்ணியில."

எண்ணினேன். ஒரு சமதளத்தில், அதே கியரில், வலது பெடல் கீழே வரும்போதெல்லாம் உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று. பதினொன்றில் சரியாக ஐந்து. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினேன், மறுபடியும் ஐந்துதான். உடனே வண்டியை ஓரங்கட்டி, பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலை மெதுவாகப் பின்பக்கம் சுற்றினோம். பின் சக்கரத்தில் செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் டெரெய்லரின் அடியில் இருக்கும் குட்டிச் சக்கரத்தைச் சுற்றி வரும்போது ஒரு கண்ணி மட்டும் நிமிராமல் முழங்கை மடித்த மாதிரியே வந்தது, அது கடக்கும்போது டெரெய்லர் லேசாகத் துள்ளியது. அந்தக் கண்ணியின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் வைத்து, பக்கவாட்டில் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் வளைத்துக் கொடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம். கண்ணிகளைக் கோக்கும் முள் இறுகியிருந்தது, இளகிவிட்டது. மீதி நாற்பது கிலோமீட்டரும் செயின் சத்தமே இல்லை, இலை நொறுங்குகிற சத்தம் மட்டும்தான்.

மூன்றாம் நாள், 61 கி.மீ.

இன்று காடு. பெரும்பாலும் ஏற்றம். அழகைப் பற்றி எழுதப்போனால் நேற்று எழுதியதையே திரும்ப எழுதுவேன், அதனால் முழங்காலைப் பற்றி.

மதியத்துக்கு மேல் வலது முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே, ஒரு வலி. ஏற்றத்தில்தான் என்று முதலில் நினைத்தேன், பிறகு சமதளத்திலும் வந்தது. நேற்றைய பாடம் நினைவுக்கு வந்தது: எங்கே, எப்போது என்று பார். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் என்று பொருள். சீட்டை நான் மாற்றவே இல்லையே என்று இறங்கிப் பார்த்தால், சீட் குழாயில் மார்க்கரால் போட்டுவைத்திருந்த கோட்டைக் காணவில்லை! இடுக்கி ஆணி தளர்ந்து, குழாய் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது. கோடு உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்துத் துடைத்து, கோட்டுக்கு வைத்து, ஆணியை முறுக்கினேன். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவுதான் வித்தியாசம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேர்கோட்டிலிருந்து 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருந்தால் சரி என்பார்கள். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துச் சரியாக இருப்பதாகச் சொன்னாள்.

மாலைக்குள் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. இரவு மழை பெய்கிறது. நாளைக்கு இறக்கம்தான் அதிகம்.

நான்காம் நாள், 23 கி.மீ.

இடது கையால் எழுதுகிறேன், சுருக்கமாக. விழுந்துவிட்டேன். காட்டு இறக்கத்தில் வலப்பக்க வளைவு, நனைந்த இலை. தலை தரையில் படவில்லை. எலும்பு எதுவும் முறிந்த மாதிரி தெரியவில்லை. வலது உள்ளங்கை, முழங்கை, இடுப்பு சிராய்ப்பு. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அக்கா பக்கத்தில்தான் இருக்கிறாள். நாளைக்கு எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள், 0 கி.மீ.

நிறையப் பேர் விசாரித்திருந்தீர்கள், நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

நான் வேகமாகப் போகவில்லை. மணிக்கு இருபதுக்குள்தான் இருக்கும். தப்பு இரண்டு. முதலாவது, கையுறை மழையில் ஊறிப்போய் விரல் விறைக்கிறது என்று கழற்றிப் பையில் செருகியிருந்தேன். அது மட்டும் கையில் இருந்திருந்தால் உள்ளங்கை தப்பித்திருக்கும். இரண்டாவது, வளைவில் சாய்ந்தபடியே இலைக் குவியலைப் பார்த்ததும் பயந்து முன் பிரேக்கைப் பிடித்தேன். நனைந்த இலை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும்போது டயர் தரையைத் தொடுவதே இல்லை, மேல் இலை அடி இலை மேல் வழுக்குகிறது, நசுங்கிக் கூழான பிறகு இன்னும் மோசம். அதன் மேல் செய்யக்கூடாதவை மூன்று: திரும்புவது, பிரேக் பிடிப்பது, அழுத்தி மிதிப்பது. வேகத்தை எல்லாம் முன்கூட்டியே, வண்டி நிமிர்ந்து நேராகப் போகும்போதே குறைத்துவிட்டு, இலையின் மேல் சும்மா உருள வேண்டும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். கை கேட்கவில்லை.

சக்கரம் போனது தெரிந்ததுமே கையை ஊன்றிவிட்டேன். எல்லாரும் செய்வதுதான் அது, தடுக்க முடிவதில்லை.

தங்குமிடத்துக்கு வந்ததும் அக்கா குழாயைத் திறந்துவிட்டு என் கையை அதன் அடியில் பிடித்தாள். பத்து நிமிடம் ஓடும் தண்ணீர். உள்ளங்கையின் மேட்டில் தோல் மெல்லிய தாள் போல ஒரு பக்கம் சுருண்டிருந்தது, அதன் அடியில் கருப்புப் பொடிக் கற்கள். எரிச்சல் தாங்கவில்லை. "கத்தணும்னா கத்துடி, கையை மட்டும் இழுக்காதே" என்று சொல்லிக்கொண்டே, சுடுநீரில் கொதிக்கவைத்த சாமணத்தால் ஒவ்வொரு கல்லாக எடுத்தாள். மொத்தம் ஒன்பது. அதை விட்டுவிட்டால் தோல் அதன் மேலேயே மூடி, பச்சை குத்தின மாதிரி தழும்பாக நின்றுவிடும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. சுற்றிலும் சோப்பு போட்டுக் கழுவினோம். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் திறந்த புண்ணில் ஊற்றவில்லை, அது நல்ல திசுவையும் சேர்த்துக் கெடுக்கும். பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டியாயிற்று.

சிராய்ப்பைக் காற்றாட விட்டுப் பொருக்கு கட்டவைப்பதுதான் நல்லது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். அது அப்படியில்லை. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. தோல் செல்கள் ஈரத்தில்தான் சுலபமாக நகர்ந்து மூடும், பொருக்கு இருந்தால் அதன் அடியில் துளைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதனால் தினமும் கழுவி, தடவி, கட்டு மாற்றுகிறோம்.

எனக்கு உண்மையான பயம் மணிக்கட்டில்தான். கட்டைவிரலை மேலே நிமிர்த்தினால் அதன் அடியில் இரண்டு தசைநாணுக்கு நடுவே ஒரு குழி தெரியும் இல்லையா, கை ஊன்றி விழுந்தவர்கள் அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். அந்தக் குழியின் அடியில் ஸ்கஃபாய்டு என்று ஒரு குட்டி எலும்பு இருக்கிறது. அது விரிசல் விட்டால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். அதற்கு ரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கி வருவதால், கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய்விடும். வெறும் சுளுக்கு என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிட்டு அவதிப்படுகிறவர்கள் உண்டு. இன்று காலை மருத்துவரிடம் போனோம். அந்தக் குழியில் அழுத்தினால் வலி இல்லை, வலி மணிக்கட்டின் பின்பக்கம். எக்ஸ்ரேயும் சுத்தம். சுளுக்குதான் என்றார். ஆனாலும் வலி நீடித்தால் பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் மறுபடி படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டார். ஏழு வருடம். மண் கலந்த காயத்துக்கு ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் அதையும் போட்டாயிற்று. இப்போது தோளும் வலிக்கிறது.

ஆறாம் நாள், 0 கி.மீ.

என் உடம்பைப் பார்த்தாயிற்று, இன்று வண்டியின் முறை. நான் நாற்காலியில், அக்கா தரையில்.

வலப்பக்கம் விழுந்த வண்டியை அப்படியே ஏறி ஓட்டக்கூடாது. செயினும் டெரெய்லரும் அந்தப் பக்கம்தான். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது, டெரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரமும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே இல்லாமல் கீழ்ப்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தன. டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்கிற சின்ன அலுமினியத் துண்டு வளைந்திருக்கிறது. அது வளைவதற்கென்றே மெத்தென்று செய்யப்பட்டது, சட்டம் முறியாமல் இருக்கத் தான் வளைந்துகொடுக்கும். ஆபத்து எங்கே என்றால், அப்படியே ஓட்டி அடுத்த ஏற்றத்தில் கடைசி இலகு கியருக்கு மாற்றினால் டெரெய்லர் நேராக ஸ்போக்குக்குள் போய் மாட்டும். ஒரு நொடியில் டெரெய்லர், சக்கரம், சில சமயம் சட்டம்கூடப் போய்விடும். நேற்று முன்தினம் தங்குமிடம் வரைக்கும் மீதி இரண்டு கிலோமீட்டரை அக்கா என்னை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்கவைத்தது இதனால்தான், எனக்கு அப்போது கோபமாகக்கூட வந்தது.

வண்டிக்கு வண்டி ஹேங்கரின் வடிவம் மாறும், நூற்றுக்கணக்கில் உண்டு, அவசரத்துக்கு எங்கேயும் கிடைக்காது. புறப்படும்போது அக்கா என் வண்டிக்கு ஒன்று வாங்கித் தன் கருவிப் பையில் போட்டு வைத்திருந்தாள், எனக்குத் தெரியாமலே. இரண்டு ஆணி கழற்றி மாட்டினாள், கேபிளைக் கொஞ்சம் சரிசெய்தாள், கியர் பழையபடி விழுகிறது. ஹேண்டில்பாரை முன்சக்கரத்துக்கு நேராக்கினோம். சக்கரங்களைச் சுற்றிவிட்டுப் பார்த்தோம், கோணல் இல்லை.

பிரேக்கில் ஒரு சங்கதி கிடைத்தது. என்னுடையது ரிம்மைப் பிடிக்கிற பிரேக். இரண்டு நாளாக ஈரத்தில் கரகர என்று அரைத்துக்கொண்டிருந்தது, மண் என்று விட்டிருந்தேன். பிரேக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ரப்பருக்குள் மினுமினு என்று நான்கு வெள்ளித் துணுக்கு. ரிம்மின் அலுமினியமேதான். மணல் சுரண்டி எடுத்த துணுக்கு கட்டையில் பதிந்துகொண்டு, பிறகு ஒவ்வொரு பிடிக்கும் ரிம்மையே உழுகிறது. ஊக்கின் முனையால் நான்கையும் நெம்பி எடுத்தேன், இடது கையால் முடிந்த ஒரே வேலை. கட்டையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ரிம்மைத் துடைத்தோம். ஈர மண் சாலையில் ஓட்டினால் இதை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற அளவுக்காவது பழக்கப்படுத்திக்கொள்ளலாம். ரிம் போனால் சக்கரமே போகும்.

பிறகு செயின். ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம், இருபத்து நான்கு கண்ணி சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். ஹான்ஸ் ரெனால்டு 1880-ல் உருவாக்கிய உருளைச் செயினின் அமைப்புதான் இன்னும் நம் காலடியில் சுற்றுகிறது. செயின் நீளுகிறது என்று சொல்கிறோமே தவிர, இரும்பு இழுபடுவதில்லை. முள்ளும் அது உட்காரும் துளையும் தேய்ந்து இடைவெளி விழுவதால் மொத்த நீளம் கூடுகிறது. பன்னிரண்டு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் மாற்ற வேண்டிய நேரம். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பல்சக்கரங்களையும் சேர்த்தே தின்றிருக்கும். என்னுடையது அரை மில்லிமீட்டர்தான் கூடுதல். இன்னும் ஓடும். துணியில் துடைத்து, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை எல்லாம் மறுபடி துடைத்து எடுத்தோம். எண்ணெய் உள்ளே இருந்தால்தான் வேலை செய்யும், வெளியே இருந்தால் மண்ணைத்தான் பிடித்துவைக்கும்.

ஏழாம் நாள், 18 கி.மீ.

மணிக்கட்டில் கட்டு, அதன் மேல் கையுறை. பிரேக்கை வலி இல்லாமல் முழுசாகப் பிடிக்க முடிந்தால்தான் வண்டி என்று அக்கா காலையில் நிபந்தனை போட்டாள். வாசலில் பத்துத் தடவை பிடித்துக் காட்டினேன். ஏரியைச் சுற்றி ஒரே ஒரு சுற்று, தட்டையான பாதை.

இலை கிடந்த இடத்தில் எல்லாம் தோள் தானாக இறுகியது. முதல் குவியலில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டாவதில் உட்கார்ந்தே உருண்டேன், பிரேக்கில் விரல் வைக்காமல், பார்வையை இலையில் வைக்காமல் அதற்கு அப்பால் வைத்து. நான்காவது ஐந்தாவதில் மூச்சு சீரானது.

பத்து கிலோமீட்டரில் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போயின. அடிபட்டது வலது கை, மரப்பது இடது. எந்த விரல் என்பதுதான் இங்கே முக்கியம். சுண்டுவிரல் பக்கம் என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில், கியோன் கால்வாய் (Guyon) என்கிற குறுகிய இடுக்கில் போகும் நரம்பு நசுங்குகிறது. சைக்கிள்காரர்களுக்கே உரிய தொந்தரவு இது. கட்டைவிரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு. வலதுக்குப் பயந்து எடை மொத்தத்தையும் இடது கையில் போட்டிருக்கிறேன். போதாக்குறைக்கு, விழுந்ததில் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்ததை நேற்று நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. சீட் சரிந்தால் உடம்பு முன்னே வழுக்கும், அதைத் தடுப்பது கைதான். சீட்டைச் சமமாக்கிவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றிக்கொண்டே வந்தேன். அறைக்கு வரும்போது உணர்வு திரும்பிவிட்டது.

எட்டாம் நாள், 37 கி.மீ.

பஞ்சர், ஒருவழியாக. முன் டயர். ஈரச் சாலையில் பஞ்சர் அதிகம், மழை ஓரத்துக் குப்பையை எல்லாம் நடுவே கொண்டுவந்து பரப்புகிறது, தண்ணீர்ப் பசையில் கண்ணாடி ரப்பருக்குள் சுலபமாக வழுக்கிக்கொண்டு ஏறிவிடுகிறது.

நான் எப்போதும் டயரின் மேல் இருக்கும் எழுத்து வால்வுக்கு நேரே வருகிற மாதிரி மாட்டுவேன். அழகுக்காக இல்லை. டியூபில் ஓட்டை கிடைத்ததும், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரில் தேடினால் போதும். இன்று டியூபை ஊதி உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றினேன், குளிர்ந்த காற்று உதட்டில் பட்ட இடம்தான் ஓட்டை. டயரில் அதே இடத்தில் உள்பக்கமாக விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்ததில், அரிசி முனை அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. இதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஐந்து நிமிடத்தில் அதுவும் போகும். டயரை ரிம்மிலிருந்து நெம்ப என் கைக்குச் சக்தி இல்லை, அக்கா செய்தாள். உப்புத்தாளில் தேய்த்து, பசையை மெல்லிசாகப் பூசி, பளபளப்பு போய் மங்கும் வரை காத்திருந்து, அப்புறம் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்தினேன். ஊதி உலர்த்தக்கூடாது, மூச்சின் ஈரம் பிடியைக் கெடுக்கும். இந்த ஐந்து நிமிடக் காத்திருப்பில்தான் எல்லாரும் தோற்கிறார்கள்.

காத்திருந்த நேரத்தில் எங்கள் தலைக்கு மேல் ஒரு மரம் காற்றே இல்லாமல் இலை கொட்டிக்கொண்டிருந்தது. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888-ல். அதற்கு முன் கெட்டி ரப்பர் டயரில் ஓட்டியவர்கள் இப்படி ஓரமாக உட்கார்ந்திருக்கவே வேண்டியதில்லை என்றேன். "அவங்க முதுகுகிட்ட கேளு" என்றாள் அக்கா.

ஒன்பதாம் நாள், 46 கி.மீ.

திரும்பி வந்துவிட்டோம். மொத்தம் 285 கிலோமீட்டர். கிளம்பும்போது ஐந்நூறு என்று கணக்குப் போட்டிருந்தோம்.

இன்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. முதல் நாள் மஞ்சளாக நின்ற அதே ஆற்றோர மரங்கள் இப்போது பாதிக்கு மேல் மொட்டை. இடைவெளி வழியாக அக்கரை முழுக்கத் தெரிந்தது, போகும்போது அங்கே ஒரு பாதை இருப்பதே தெரியவில்லை. முழங்கால் வலிக்கவில்லை. விரல் மரக்கவில்லை. உள்ளங்கையில் கட்டைப் பிரித்தால் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல், ஓரத்தில் மட்டும் இன்னும் பச்சைப் புண். மணிக்கட்டு ஹேண்டில்பாரில் அதிர்வு வரும்போது மட்டும் நினைவுபடுத்துகிறது, அடுத்த வாரம் மறுபடி காட்டப்போகிறேன்.

கடைசி சமதளத்தில் யாரும் கேட்காமலே எண்ணினேன். பதினொரு சுற்று, ஒரு டிக்கூட இல்லை. ஆனால் பக்கத்தில் எங்கோ மெலிதாக ஒன்று கேட்டது. உருளவிட்டேன், கேட்டது. அக்கா முன்னால் போய்விட்டாள், நின்றுவிட்டது.

"அக்கா, உன் வண்டி."

"தெரியும், காலையிலேர்ந்து எண்ணிட்டிருக்கேன். பெடல்ல ஒரு சுற்றுக்கு ஒண்ணு."

இப்போது அவள் வாசலில் உட்கார்ந்து மட்கார்டுக்குள் திணிந்திருக்கும் இலையை விரலால் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறாள். இடது பெடல் என்று சந்தேகம். நாளைக்குக் கழற்றி, மரையைத் துடைத்து கிரீஸ் வைத்துப் பூட்டலாம் என்று இருக்கிறோம். இடது பெடலுக்கு மரை மறுபக்கம், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். ஸ்பேனரை நான் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இடது கையால்.